‘ஓகே’ அழுத்தும் முன்: எல்லோருக்குமான சில கணினிச் சொற்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச வருவது வைத்தியர் என்றதும் சீனி வருத்தம் பற்றியோ பிரஷர் பற்றியோதான் பேசுவேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வேறு. கணினிச் சொற்கள் சிலவற்றை உங்களுக்கு விளக்கப் போகிறேன். அதற்குக் காரணமும் என் கிளினிக்தான். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்ட பிறகு எழுந்து போகாமல், பையிலிருந்து போனை எடுத்து, “டொக்டரம்மா, இதுல என்னமோ வந்திருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்று கேட்கும் அம்மாமார் இப்போது அதிகம். கொழும்பிலோ டுபாயிலோ வேலை செய்யும் மகள் வாங்கிக் கொடுத்த போன் அது. மகள் போனைக் கொடுத்தாள். அதிலுள்ள சொற்களை விளக்கிச் சொல்ல லீவு போதவில்லை.

ஒரு சத்திரசிகிச்சைக்கு முன்னால் நாங்கள் நோயாளியிடம் கையொப்பம் வாங்குகிறோம். என்ன செய்யப் போகிறோம், அதில் என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லாமல் வாங்கினால் அந்தக் கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லை. நம் போனோ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நம்மிடம் கையொப்பம் கேட்கிறது. ‘அலவ்’, ‘அக்செப்ட்’, ‘ஓகே’ என்ற பொத்தான்கள் எல்லாம் கையொப்பங்கள்தான். சொல் விளங்கினால்தான் ஒருவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் ஒரு சின்னச் செய்தி. ‘கம்பியூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் ஒரு காலத்தில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. வான ஆராய்ச்சி நிலையங்களிலும் பிறகு விமான ஆராய்ச்சிக் கூடங்களிலும் அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். ஆகவே “இதெல்லாம் ஆம்பளைப் பிள்ளைகள் விஷயம்” என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள். இன்னொன்று: “எனக்குக் கணினி தெரியாது” என்று சொல்லும் அம்மாவின் கையிலிருக்கும் போனும் ஒரு முழுக் கணினியே. தொட்டுப் பார்க்கக்கூடிய பாகங்கள் வன்பொருள். அவற்றை இயக்கும் கட்டளைகள் மென்பொருள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென எழுதிய மென்பொருளைத்தான் ‘அப்’ அல்லது செயலி என்கிறோம்.

இரண்டு ஜீபி

“128 ஜீபி போன் என்று சொல்லித்தானே விற்றார்கள், பிறகு ஏன் மாதா மாதம் ரீலோட் போட வேண்டும்?” என்று ஒரு தாய் கேட்டார். மிகச் சரியான கேள்வி. ‘ஜீபி’ என்பது ஓர் அளவு மட்டுமே, கிலோ மாதிரி. அரிசியும் கிலோவில்தான், சீனியும் கிலோவில்தான். போனில் மூன்று விஷயங்களை இதே அளவால் அளக்கிறார்கள்.

ஒன்று சேமிப்பகம். அது அலுமாரி. படங்கள், வீடியோக்கள், செயலிகள் எல்லாம் அங்கே இருக்கும். போனை நிறுத்தினாலும் அழியாது. இரண்டாவது ‘ராம்’ என்கிற நினைவகம். அது சமையலறை மேசை. சமைக்கும்போது தேவையானதை எடுத்து மேசையில் பரப்புகிறோம். மேசை சின்னதென்றால் வேலை மெதுவாகும். போனை நிறுத்தினால் மேசை துடைத்ததுபோல் ஆகிவிடும். மூன்றாவது டேட்டா. அது வீட்டுக்குள் குழாயில் வந்து போகும் தண்ணீர். அலுமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர்க் காசு தனியாகக் கட்டத்தானே வேண்டும்?

இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் ஏறத்தாழ 3 எம்பி வரும். ஆயிரம் எம்பி ஒரு ஜீபி. ஆக ஒரு ஜீபிக்குள் முந்நூறு படங்கள் வரை வைக்கலாம். காலை வணக்கப் படங்களும் பூக்களும் தினமும் வந்து இறங்கும் குடும்ப வாட்ஸ்அப் குழு, அலுமாரியையும் நிரப்புகிறது, தண்ணீரையும் தீர்க்கிறது. வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் சேமிப்பகமும் டேட்டாவும் என்ற பகுதிக்குப் போய், தானாகவே தரவிறங்குவதை நிறுத்திவிடுங்கள். வேண்டிய படத்தை மட்டும் தொட்டுத் திறக்கலாம். மாதச் செலவு அதிலேயே குறையும்.

தமிழ் எழுத்து ஏன் கோலமாகிறது?

இந்த மலருக்குக் கட்டுரை அனுப்பிய அக்காமார் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பாமினியில் அழகாகத் தட்டச்சுச் செய்து அனுப்பியது, மற்றவருடைய கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் திறக்கும். காரணம் இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தை. அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. மற்றக் கணினியில் அந்தப் போர்வை இல்லையென்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

யுனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இலக்கம் கொடுத்த ஏற்பாடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. யுனிகோடில் எழுதினால் ரொறன்ரோவிலும் அரநாயக்கவிலும் ஒரே மாதிரித் தெரியும். ஆனால் குறுஞ்செய்தியில் நமக்கு ஒரு நட்டம் உண்டு: ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும், தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான். ‘அம்மா’ என்ற சொல்லே ஐந்து இடம் பிடிக்கும்: அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால். தமிழ்க் குறுஞ்செய்தி இரண்டாக உடைந்து, இரட்டைக் கட்டணம் போவது இதனால்தான். வாட்ஸ்அப் போன்றவற்றில் இந்தக் கணக்கு இல்லை.

போனின் மொழியையே தமிழுக்கு மாற்றலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்த மொழி தமிழ் என்றால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். வாசிக்கச் சிரமப்படுகிற ஆச்சிமாருக்கு, விசைப்பலகையிலுள்ள மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக விழும் வசதியும் இருக்கிறது.

முகவரியைப் பின்னாலிருந்து வாசியுங்கள்

‘லிங்க்’ என்பது ஒரு கதவு. தொட்டால் வேறோர் இடத்துக்குக் கொண்டு போகும். கதவில் என்ன எழுதியிருக்கிறது என்பதும், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் வேறு வேறு.

நம் தபால் முகவரியில் ஆளின் பெயர் முன்னால் வரும். பிறகு லய இலக்கம், தோட்டம், ஊர், நாடு. கடிதம் வெளிநாட்டிலிருந்து வருவதானால், தபாற்காரர்கள் அதைக் கடைசியிலிருந்துதான் பார்ப்பார்கள்: முதலில் நாடு, பிறகு ஊர். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன்னால் உள்ளதுதான் உண்மையான வீட்டுக்காரரின் பெயர். இலங்கை அரசாங்கத் தளமென்றால் அந்த இடத்தில் ‘டொட் கவ் டொட் எல்கே’ என்று முடிய வேண்டும். முகவரியின் முன்பகுதியில் வங்கியின் பெயரையும் அரசாங்கக் கொடுப்பனவின் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம்.

பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் தவறாக நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் வேறொருவர் பிரித்துப் பார்க்க முடியாது என்பது மட்டுமே அதன் அர்த்தம். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் நல்லவரா என்பதை அந்தப் பூட்டு சொல்லாது.

ஓடிபி: உங்கள் பெருவிரல்

என் கிளினிக்குக்கு வரும் ஒரு பெண்ணின் பிரஷர் இரண்டு மாதமாக இறங்கவில்லை. குளிசையை ஒழுங்காகத்தான் குடித்தார். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒரு குரல். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணக்கில் போட வேண்டும், போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றது. சொன்னார். மகள் இரண்டு வருடமாக அனுப்பி வைத்த பணம், கூரைத் தகரம் மாற்றச் சேர்த்தது, பத்து நிமிடத்தில் போய்விட்டது. மகளுக்கு அவர் அதுவரை சொல்லவில்லை. படிப்பறிவு இல்லாதவர் அல்ல அவர். ஓடிபி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கடவுச்சொல் என்பது வீட்டுச் சாவி. எத்தனை தடவையும் திறக்கலாம். ஓடிபி என்பது ஒரே ஒரு தடவைக்கான கையொப்பம். ஒரு தாளில் நீங்கள் வைக்கும் பெருவிரல் அடையாளம். அந்த இலக்கத்தைச் சொல்வது, எழுதாத தாளில் பெருவிரலை வைத்துக் கொடுப்பதற்குச் சமம். இதோடு ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து மனனம் செய்துகொள்ளுங்கள்: பணம் உள்ளே வருவதற்கு ஓடிபி தேவையில்லை, வெளியே போவதற்குத்தான் தேவை. பணம் போடுகிறவருக்குக் கணக்கு இலக்கம் போதும். அந்த இலக்கத்தை அனுப்பியதே வங்கி என்றால், அதை உங்களிடம் திருப்பிக் கேட்க வங்கிக்கு என்ன தேவை?

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு உடனே பேசிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறையிடுங்கள். பாம்பு கடித்தவரைக் கொண்டு வருவதுபோலத்தான், இதிலும் நேரம்தான் முக்கியம்.

வைரஸும் தடுப்பூசியும்

இந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பொருத்தமாகத்தான் எடுத்தார்கள். நோய் வைரஸால் தனியாகப் பெருக முடியாது. ஒரு உயிரணுவுக்குள் நுழைந்து அதைக்கொண்டே தன் பிரதிகளைச் செய்யும். கணினி வைரஸும் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அதைத் திறக்கும்போது பெருகும். அது மனிதர் எழுதிய மென்பொருளேதான்.

‘அப்டேட்’, அதாவது இற்றைப்படுத்தல், என்று போன் கேட்கும்போது நம்மில் பலர் “பிறகு” என்று தள்ளி வைக்கிறோம். அப்டேட்டில் புது அலங்காரம் மட்டும் வருவதில்லை; கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் வேலையும் வருகிறது. 2017 மே 12ஆம் திகதி ‘வன்னக்ரை’ என்ற கெடு மென்பொருள் உலகமெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது அதன் வேலை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகளும் சில சத்திரசிகிச்சைகளும் நிறுத்தப்பட்டன. சில இடங்களில் அம்பியூலன்ஸ்களை வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதே வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. தடுப்பூசி இரண்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் அகப்பட்டன.

மண்ணும் முகிலும்

இந்த ஊரில் ‘பேக்அப்’ என்ற சொல்லை விளக்க நான் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2016 மே 17ஆம் திகதி, நாட்கணக்காகப் பெய்த மழையில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தோம். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. உயிரோடு ஒப்பிடக்கூடியது எதுவுமில்லை. ஆனால் உயிர் தப்பியவர்களின் அடுத்த துன்பம் கடதாசியில் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் மண்ணுக்குள். அனர்த்த முகாமில் வேலை செய்த எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார்: என்ன மருந்து குடித்தீர்கள் என்றால், “காலையில ஒரு வெள்ளைக் குளிசை, ராவைக்கு ஒரு மஞ்சள் குளிசை” என்ற பதில்தான் கிடைக்கும். வெள்ளைக் குளிசையில் நூறு வகை இருக்கிறது.

பேக்அப் என்பது ஒரே பொருளின் இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வைப்பது. ‘வேறோர் இடம்’ என்பதுதான் இதில் முக்கியம். சான்றிதழின் போட்டோப் பிரதியை அதே பெட்டியில் வைத்தால் அது பேக்அப் ஆகாது. ‘கிளவுட்’, முகில் என்கிறார்களே, அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், ஒரு பெரிய கட்டடத்தில், இரவு பகலாக ஓடும் வேறொருவருடைய கணினிகளே அவை. கூகுள் கணக்கு உள்ளவருக்கு 15 ஜீபி இடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் பத்திரங்களை எல்லாம் படமெடுத்து வைக்க அதில் ஒரு மூலை போதும்.

ஆனாலும் முகிலையே முழுதாக நம்பிவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டு நம் நாட்டு அரசாங்கத்தின் சொந்த முகில் அமைப்பே, வன்னக்ரை போலக் கோப்புகளைப் பூட்டும் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த வருடம் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் மீளவில்லை, அந்தக் காலத்துக்குரிய பேக்அப் வேறிடத்தில் இருக்கவில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கே பிரித்தறிய வேண்டும். ‘சிங்க்’ என்பது பேக்அப் அல்ல, கண்ணாடி. போனில் என்ன செய்கிறீர்களோ அதுவே முகிலிலும் நடக்கும். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், போனிலும் போகும், முகிலிலும் போகும். அதனால்தான் முக்கியமான பத்திரங்களுக்கு மூன்று இடம் வேண்டும் என்கிறேன்: கையில் அசல், முகிலில் ஒரு படம், வேறு ஊரில் இருக்கும் மகளின் போனில் ஒரு படம்.

மழைக்காலத்தில் ‘ஃபோர்வர்ட்’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. யாரோ எழுதியதை அப்படியே தள்ளிவிடுவது அது. எப்போது எழுதப்பட்டது என்று அதில் இருக்காது. போன வருட எச்சரிக்கை இந்த வருடம் சுற்றும். உண்மையான எச்சரிக்கை வரும்போது “இதுவும் பழசு” என்று விட்டுவிடுவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு நிறமும் அளவும் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பென்றால் வெளியேற வேண்டும். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள்.

‘அலவ்’ என்றால் அனுமதி

கடைசியாக, நான் தொடங்கிய இடத்துக்கே வரும் சொல், ‘பர்மிஷன்’. ஒரு செயலியைப் போட்டதும் அது கேட்கும்: உங்கள் தொடர்பு இலக்கங்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, மைக்கைக் கேட்கலாமா? ஒவ்வொரு தடவையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலைக்கு இது தேவையா? வரைபடச் செயலிக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரிய வேண்டும், சரி. டோர்ச் அடிக்கும் செயலிக்கு உங்கள் சொந்தக்காரரின் இலக்கங்கள் எதற்கு?

சில நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ‘அலவ்’ அழுத்தியதும் போனிலுள்ள இலக்கங்கள் எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். தவணை பிந்தினால் உங்கள் அண்ணனுக்கும், பிள்ளையின் ஆசிரியைக்கும், பக்கத்து லயத்துக்கும் போன் போகும். கடனோடு மானத்தையும் அடகு வைத்ததாகிவிடும். நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் சம்மதம் தெரிந்து, விரும்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையையே ஏற்கிறது. சத்திரசிகிச்சைப் படிவத்திலும் எங்களுக்குச் சட்டம் சொல்வது இதைத்தான். கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுக்கவும் முடியும். செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் அந்தப் பகுதி இருக்கிறது.

அன்பான சகோதரிகளே, இந்த மலர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும், கொழும்பிலுள்ள மாடி வீடுகளுக்கும் போகும் என்று அறிகிறேன். உங்களில் பெரும்பாலானோருக்கு நான் சொன்ன சொற்கள் புதியவை அல்ல. அவை புதியவையாக இருப்பது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் பேசும் அம்மாவுக்கு. அவர் இறப்பர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் உங்களை இந்தப் பாடசாலைக்கு அனுப்பியவர். நமக்கு அ, ஆ தெரியாத காலத்தில் நம் விரலைப் பிடித்து எழுத விட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சொல் போதும். முதல் ஞாயிறு ஓடிபியைச் சொல்லுங்கள். அடுத்தது லிங்க். அதற்கடுத்தது கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவே அவருக்குப் பேக்அப் பாடமும் ஆகிவிடும். அவசரப்படாதீர்கள், ஏசாதீர்கள். “எத்தனை தரம் சொல்றது?” என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு பல தாய்மார் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள், பிறகு தெரியாத குரல்களிடம்தான் கேட்கிறார்கள்.

ஊரிலிருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடசாலையின் கணினி அறையை இரண்டு மணித்தியாலம் திறந்து வைக்க அதிபர் அவர்கள் அனுமதித்தால், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அயல் தோட்டத்துத் தாய்மாருக்கு இந்தச் சொற்களைத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். நூறு வருடம் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இடம் இது. முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன்.